பல துறைகள், ஒரே களம்: கூட்டு மீட்புப் பணிக்கு முதன்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உங்களிடம் படகு இருக்கிறது, பயிற்சி பெற்ற ஆட்கள் இருக்கிறார்கள், போக மனமும் இருக்கிறது. ஆனால் களத்தில் இறங்கியதும் யாரிடம் போய் நிற்பது, எந்த சேனலில் பேசுவது, யார் சொன்னால் படகைத் தண்ணீரில் விடுவது என்று தெரியாமல் முதல் இரண்டு மணி நேரம் கரைந்துபோகும். தீயணைப்பு, காவல், ஆம்புலன்ஸ், மின்சாரம், குடிநீர், தன்னார்வ அமைப்பு என்று ஆறு தரப்பு ஓரிடத்தில் கூடும்போது ஒவ்வொன்றும் தன் வேலையைத் தெரிந்துதான் செய்யும். இரண்டு தரப்புக்கு நடுவில் கிடக்கிற வேலைதான் கைவிடப்படும். மின் இணைப்பைத் துண்டித்தாயிற்று என்று மீட்புக் குழுவிடம் சொல்வது யார் பொறுப்பு? அப்படிப்பட்ட வேலை.

அதற்கான பொது நடைமுறைதான் இன்சிடென்ட் கமாண்ட் சிஸ்டம், சுருக்கமாக ஐசிஎஸ். நாட்டுக்கு நாடு பெயரும் சில பதவிகளும் மாறும், எலும்புக்கூடு ஒன்றுதான். இங்கே வரும் படிவ எண்கள் அமெரிக்காவில் புழங்கும் ஐசிஎஸ் வரிசைப்படி. உங்கள் பகுதியில் வேறு எண் என்றால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் எல்லாத் தரப்பும் அதே எண்ணைத்தான் சொல்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

1. சம்பவத்துக்கு முன்பே கையெழுத்தாக வேண்டியவை

களத்தில் நடக்கும் சண்டைகளில் பாதி, காகிதத்தில் முன்பே தீர்ந்திருக்க வேண்டியவை. மூன்று ஆவணங்கள் தேவை.

முதலாவது, பரஸ்பர உதவி ஒப்பந்தம். ‘இரு தரப்பும் ஒத்துழைக்கும்’ என்ற ஒற்றை வரியை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கீழ்க்கண்ட கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் அதில் பதில் இருக்க வேண்டும்: உதவி கேட்க அதிகாரம் உள்ள பதவி எது? வாய்மொழியாகக் கேட்டால் போதுமா, எத்தனை மணி நேரத்துக்குள் எழுத்தில் உறுதி செய்ய வேண்டும்? செலவுக் கணக்கு வண்டி கிளம்பும்போது தொடங்குகிறதா, களத்தில் பதிந்த பிறகா? எரிபொருள், சாப்பாடு, தங்குமிடம் யார் பொறுப்பு? உங்கள் ஆளுக்குக் காயம் பட்டால் எந்தக் காப்பீடு? கருவி உடைந்தால் பழுதுபார்ப்பா, மாற்றா? உங்கள் சொந்தப் பகுதியில் இன்னொரு விபத்து நடந்தால் ஆட்களைத் திரும்ப அழைத்துக்கொள்ளலாமா, எவ்வளவு முன்னறிவிப்பு தர வேண்டும்? மருத்துவர், செவிலியர், படகோட்டி ஆகியோரின் உரிமம் எல்லை தாண்டியும் செல்லுமா?

கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உரிமம் செல்லாத இடத்தில் கை வைத்த மருத்துவப் பணியாளருக்குப் பிறகு சட்டச் சிக்கல் வந்தால் ஒப்பந்தம்தான் கவசம்.

இரண்டாவது, அதிகார ஒப்படைப்புக் கடிதம். களத்தில் உங்கள் அமைப்பின் சார்பாக நிற்பவர் எந்த அளவு செலவுக்கும் எந்த வகை முடிவுக்கும் தலைமையகத்தைக் கேட்காமல் ‘சரி’ சொல்லலாம் என்பது அதில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் ‘மேலிடத்தைக் கேட்டுச் சொல்கிறேன்’ என்பவரைக் கூட்டுக் கட்டளையில், அதாவது பல துறைத் தலைவர்கள் சேர்ந்து முடிவெடுக்கும் மேசையில், உட்கார வைத்துப் பயனில்லை.

மூன்றாவது, வளப் பட்டியல். ‘பம்பு – 1’ என்று எழுதினால் எழுதாததற்குச் சமம். இப்படி எழுதுங்கள்: ‘டீசல் பம்பு, நிமிடத்துக்கு 1,000 லிட்டர், உறிஞ்சு குழாய் விட்டம் 100 மி.மீ., இணைப்பு வகை இன்னது, இயக்க 2 பேர், நிரம்பிய டேங்கில் 4 மணி நேரம் ஓடும், ஏற்றிச் செல்ல ஒரு லாரி வேண்டும்.’ இணைப்பு வகையை எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1904இல் பால்டிமோர் நகரம் எரிந்தபோது வெளியூர்களிலிருந்து வந்த தீயணைப்பு வண்டிகளின் குழாய்கள் பல அங்கிருந்த ஹைட்ரண்ட்டுகளில், அதாவது தெருவோரத் தீயணைப்புத் தண்ணீர்க் குழாய்களில், மாட்டவில்லை. 1991இல் ஓக்லாந்து மலைத் தீயிலும் அதே கதை: ஹைட்ரண்ட் வாய் 3 அங்குலம், உதவிக்கு வந்தவர்களின் குழாய் இரண்டரை அங்குலம். 87 ஆண்டுகள் இடைவெளியில் அதே பிழை. ஆகவே ஒரு அடாப்டரையாவது பட்டியலில் சேருங்கள்.

இவற்றோடு தொலைபேசிப் பட்டியலும் வேண்டும். ஆளின் பெயரை மட்டும் எழுதாமல் பதவியை முன்னால் வைத்து, பகல் எண், இரவு எண், மாற்று ஆள் என மூன்று கட்டம் போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரவு நேரத்தில் அழைத்துப் பாருங்கள். பகலில் எடுக்கிற எண்ணை நம்ப வேண்டாம்.

2. முதல் பத்து நிமிடம்: ஒரே மாதிரியான தகவல்

முதலில் போய்ச் சேர்கிறவர் கையோடு மீட்பில் குதிக்கத் துடிப்பார். ஒருவராவது ஒதுங்கி நின்று தகவல் சொல்ல வேண்டும். பிரிட்டனில் எல்லா அவசரத் துறைகளும் பயன்படுத்தும் ‘மீதேன்’ என்ற வரிசை இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. அதன் ஏழு கட்டங்கள்: பெருஞ்சம்பவம் என்று அறிவித்தாயிற்றா, துல்லியமான இடம், என்ன வகைச் சம்பவம், இருக்கும் அல்லது வரக்கூடிய ஆபத்துகள், வந்துசேரவும் வெளியேறவும் பாதுகாப்பான வழி, பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கையும் அவர்களின் நிலையும், வந்திருக்கும் துறைகளும் இன்னும் வேண்டிய துறைகளும்.

இந்த வரிசையை மாற்றாதீர்கள். கேட்பவர் முன்னாலும் அதே ஏழு கட்டம்தான் இருக்கிறது. ஒன்று விடுபட்டால் அவரே கேட்டு வாங்கிவிடுவார். வழியைப் பற்றிய கட்டம்தான் அடிக்கடி வெறுமையாக விடப்படுகிறது. விளைவு, பின்னால் வரும் இருபது வண்டிகளும் ஒரே சந்தில் முட்டி நிற்கும், நோயாளியோடு வெளியேற வேண்டிய ஆம்புலன்ஸ் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

இதே தகவலை ஐசிஎஸ் 201 படிவத்தில் எழுதத் தொடங்குங்கள். கையால் வரைந்த வரைபடம், இதுவரை செய்தது, இப்போதைய இலக்கு, வந்திருக்கும் வளங்கள். எல்லாம் சேர்ந்து நான்கு பக்கத்துக்குள் முடியும். அடுத்து வரும் தலைவருக்குப் பொறுப்பை ஒப்படைக்கும் ஆவணமும் இதுதான்.

3. கட்டளை யாரிடம்?

ஒரே துறையின் அதிகார எல்லைக்குள் நடக்கும் சம்பவத்துக்கு ஒரே கமாண்டர் போதும். சட்டப்படி பொறுப்புள்ள துறைகள் ஒன்றுக்கு மேல் இருந்தால் கூட்டுக் கட்டளை. ரசாயன லாரி ஆற்றுப் பாலத்தில் கவிழ்ந்தால் தீயணைப்பு, காவல், சுற்றுச்சூழல், குடிநீர் என நான்கு துறைக்கும் பொறுப்பு உண்டு. நான்கு பேரும் ஒரே மேசையில் உட்காருவார்கள்.

புதியவர்கள் தடுமாறும் இடம் இது. கூட்டுக் கட்டளை என்றால் நான்கு பேரும் நான்கு உத்தரவு போடலாம் என்று பொருள் இல்லை. இலக்குப் பட்டியல் ஒன்று, செயல்திட்டம் ஒன்று, அதை நடத்தும் ஆப்பரேஷன்ஸ் தலைவர் ஒருவர். ஒவ்வொரு துறையும் தன் அதிகாரத்தை விட்டுக்கொடுப்பதில்லை, தன் ஆட்களைத் தனியே ஏவுவதும் இல்லை.

உங்கள் அமைப்புக்குச் சட்டப் பொறுப்பு இல்லையென்றால், பெரும்பாலான தன்னார்வ அமைப்புகளுக்கு இல்லை, கட்டளை மேசையில் இடம் கேட்காதீர்கள். உங்களுக்கான ஆள் லியேசன் ஆபீசர், அதாவது கட்டளை மேசைக்கும் மற்ற அமைப்புகளுக்கும் நடுவே தொடர்பு அதிகாரி. அவரிடம் ஒரு பிரதிநிதியை நிறுத்துங்கள். அந்தப் பிரதிநிதிக்கு முன்பு சொன்ன ஒப்படைப்புக் கடிதம் கையில் இருக்கட்டும்.

கட்டளை மையத்துக்குக் காற்று வரும் திசையில், மேடான இடமாகப் பாருங்கள். பெயர் வைத்து, வாக்கி டாக்கியில் அறிவியுங்கள். எல்லாத் துறைத் தலைவர்களும் அதே இடத்தில் நிற்க வேண்டும். தலைக்கு ஒரு வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு போனில் பேசிக்கொள்வது ஒருங்கிணைப்பு ஆகாது. பொறுப்பு கைமாறும்போது நேருக்கு நேர் விளக்கி, நேரத்தைக் குறித்து, ‘14:20 முதல் கட்டளை இன்னாரிடம்’ என்று எல்லோருக்கும் அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் விட்டால் பழைய தலைவருக்கே அழைப்பு போய்க்கொண்டிருக்கும். அவர் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பார்.

4. ஒருவருக்குக் கீழே எத்தனை பேர்?

மூன்று முதல் ஏழு வரை, ஐந்து என்றால் சரியான அளவு. விதி இவ்வளவுதான், ஆனால் களத்தில் முதலில் உடைவதும் இதுதான்.

ஐந்து பேர் கொண்ட ஆறு படகுக் குழுக்கள் இருக்கின்றன என்று வையுங்கள். ஆறு குழுத் தலைவர்களை ஒரு ஆப்பரேஷன்ஸ் தலைவர் சமாளிப்பார். மாலைக்குள் மூன்று குழு கூடுதலாக வந்தால் ஒன்பது. அப்போது ஆற்றின் வடகரை ஒரு டிவிஷன், தென்கரை இன்னொரு டிவிஷன் என்று பிரித்துத் தலைக்கு ஒரு மேற்பார்வையாளரைப் போடுங்கள். டிவிஷன் என்றால் இடத்தை வைத்துப் பிரிப்பது, குரூப் என்றால் வேலையை வைத்துப் பிரிப்பது. இரண்டையும் மாற்றிச் சொன்னால் ‘மருத்துவ டிவிஷன் எந்தக் கரையில்?’ என்ற கேள்வி வரும்.

ஆப்பரேஷன்ஸ் (களப்பணி), பிளானிங் (திட்டமிடல்), லாஜிஸ்டிக்ஸ் (ஆள், பொருள் வரவழைத்தல்), நிதி நிர்வாகம் என்ற நான்கு பிரிவையும் முதல் நாளே நிரப்ப வேண்டியதில்லை. ஆள் போடாத பிரிவின் வேலை கமாண்டர் தலையில் என்று மட்டும் நினைவில் வையுங்கள். சின்ன சம்பவத்தில் எல்லாப் பதவிக்கும் ஆள் போட்டு ஜாக்கெட் மாட்டிவிடுவதும் ஒரு வியாதிதான்.

5. வருகைப் பதிவு, காத்திருப்பு இடம்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

களத்துக்கு வரும் ஒவ்வொரு ஆளும் வண்டியும் கருவியும் ஐசிஎஸ் 211 படிவத்தில் பதிய வேண்டும். எந்த அமைப்பு, வந்த நேரம், குழுத் தலைவர் யார், எத்தனை பேர், எந்த வண்டி, தொடர்பு எண், எந்தக் கோரிக்கை எண்ணின் பேரில் வந்தார்கள். அந்தக் கோரிக்கை எண் கட்டம் காலியாக இருந்தால் இரண்டில் ஒன்று: யாரும் கூப்பிடாமல் வந்திருக்கிறார்கள், அல்லது கூப்பிட்டவர் பதிவு செய்யவில்லை. இரண்டாவது என்றால் உடனே சரிசெய்யுங்கள், பின்னால் பணம் வாங்க இந்த எண்தான் சாவி.

பதிந்தவர்கள் நேரே சம்பவ இடத்துக்குப் போகக் கூடாது. ஸ்டேஜிங் ஏரியாவில் நிற்க வேண்டும். அங்கே நிற்பவர்கள் கூப்பிட்ட மூன்று நிமிடத்தில் நகரத் தயாராக இருப்பவர்கள்: ஓட்டுநர் வண்டியிலேயே, சாவியும் வண்டியிலேயே, வண்டியின் முகம் வெளியே பார்த்து. தூங்குவதும் சாப்பிடுவதும் பழுது பார்ப்பதும் அங்கே இல்லை, அதற்கு பேஸ், கேம்ப் என்று தனி இடங்கள். இரண்டையும் ஒரே மைதானத்தில் கலந்துவிட்டால், தயார் என்று கணக்கில் இருக்கும் பத்து வண்டியில் நான்கின் ஓட்டுநர்கள் தட்டோடு வரிசையில் நின்றுகொண்டிருப்பார்கள்.

ஒவ்வொரு வளத்துக்கும் மூன்று நிலைதான்: பணியில், தயார், சேவையில் இல்லை. ‘கிட்டத்தட்டத் தயார்’ என்று ஒரு நிலை கிடையாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு டி-கார்டு (T வடிவ அட்டை) எழுதிப் பலகையில் செருகுங்கள். நிலை மாறும்போது அட்டை இடம் மாற வேண்டும். கணினி இருக்கிறதே என்று அட்டையை விட்டுவிடாதீர்கள். மின்சாரம் போன இரவில் பலகைதான் பேசும்.

யாரும் கூப்பிடாமல் தானாகக் கிளம்பி வருகிறவர்களுக்கு என்ன செய்வது? திருப்பி அனுப்பினால் சுற்றிப் போய் வேறு பக்கமாக உள்ளே நுழைவார்கள், எந்தக் கணக்கிலும் வராமல். அவர்களுக்குத் தனிப் பதிவு மேசை போடுங்கள், களத்திலிருந்து தள்ளி. திறமை, சான்றிதழ், அவசரத் தொடர்பு எண் ஆகியவற்றை வாங்கிக்கொண்டு, பொருத்தமான வேலை வரும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். நீங்களே அப்படி வந்தவர் என்றால் முதலில் அந்த மேசையைத் தேடுங்கள்.

6. வாக்கி டாக்கியும் எண்களும்

சங்கேத எண்களைக் கைவிடுங்கள். ஒரு துறையில் ‘உதவி தேவையில்லை’ என்று பொருள்படும் எண், பக்கத்துத் துறையில் ‘உடனே வா’ என்று இருக்கலாம். பல துறை கூடும் இடத்தில் சாதாரண மொழிதான் பேச வேண்டும். ‘வடகரை டிவிஷன், இரண்டாம் படகுக்கு எரிபொருள் வேண்டும், பள்ளிக்கூடப் படித்துறைக்குக் கொண்டு வாருங்கள்.’ இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

ஐசிஎஸ் 205 படிவம் சேனல் திட்டம். கட்டளைக்கு ஒன்று, களப்பணிக்கு டிவிஷனுக்கு ஒன்று, லாஜிஸ்டிக்ஸுக்கு ஒன்று, அவசரத்துக்கு ஒன்று. துறைகளின் கருவிகள் ஒன்றோடொன்று பேசாவிட்டால் எளிய வழி: ஒரு துறையின் கூடுதல் வாக்கி டாக்கிகளை மற்றத் துறைத் தலைவர்களுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பது. கூடவே பேட்டரியும் சார்ஜரும். சார்ஜர் இல்லாமல் கொடுத்த வாக்கி டாக்கி பெரும்பாலும் முதல் நாளைத் தாண்டாது.

உத்தரவைக் கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். ‘சரி’ மட்டும் போதாது. எண்களை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லுங்கள். இரைச்சலான சேனலில் எழுபதும் எண்பதும் ஒன்றுபோலக் கேட்கும், எழுநூறும் எண்ணூறும் அப்படியே. ‘ஏழு ஜீரோ’, ‘எட்டு ஜீரோ’ என்றால் குழப்பம் இல்லை. நேரம் 24 மணிக் கணக்கில்.

இடக்குறிப்பில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. ஒருவர் தன் ஜிபிஎஸ்ஸில் 12.50 பாகை என்று பார்த்து ‘பன்னிரண்டு, ஐம்பது’ என்கிறார். கேட்டவர் 12 பாகை 50 நிமிடம் என்று குறித்துக்கொள்கிறார். உண்மையில் 12.50 பாகை என்பது 12 பாகை 30 நிமிடம். வித்தியாசம் 20 நிமிடம், அட்சரேகையில் ஏறக்குறைய 37 கிலோமீட்டர். படகோ ஹெலிகாப்டரோ வேறொரு ஊருக்குப் போய்ச் சேரும். எந்த வடிவம் என்பதைச் செயல்திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள், எல்லாக் கருவியையும் அதற்கு மாற்றுங்கள், ஸ்டேஜிங்கில் நிற்கும்போதே தெரிந்த ஒரு புள்ளியை வைத்துச் சரிபாருங்கள். வேலை இரண்டு நிமிடம்.

7. செயல்திட்டமும் கடிகாரமும்

முதல் சில மணி நேரம் 201 படிவமே திட்டம். சம்பவம் ஒரு ஷிப்டைத் தாண்டும் என்று தெரிந்தவுடன் எழுத்துத் திட்டத்துக்கு மாறுங்கள். பணிக்காலம் வழக்கமாக 12 மணி நேரம், சில இடங்களில் 24.

அடுத்த பணிக்காலம் 18:00 மணிக்குத் தொடங்குகிறது என்றால் பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். 08:00க்குக் கட்டளை மேசை இலக்குகளை முடிவு செய்யட்டும். 10:00க்கு உத்திக் கூட்டம்: எந்த இடத்தில் எந்த வேலைக்கு எத்தனை குழு வேண்டும், எத்தனை இருக்கிறது, எத்தனை குறைகிறது என்று 215 படிவத்தில். அதே வேலைகளின் ஆபத்துகள் 215ஏ படிவத்தில். பற்றாக்குறை தெரிந்த கணத்திலேயே லாஜிஸ்டிக்ஸ் ஆர்டர் போட வேண்டும், வந்துசேர நேரம் பிடிக்கும். 13:00க்குத் திட்டக் கூட்டம், எல்லாத் தரப்பும் ஒப்புக்கொள்ள. 15:30க்குள் கையெழுத்தும் அச்சும். 17:15க்குக் குழுத் தலைவர்களுக்கு விளக்கம், அரை மணிக்குள் முடிய வேண்டும். 18:00க்கு ஆள் மாற்றம் களத்திலேயே.

திட்டத் தொகுப்பில் இருக்க வேண்டியவை: 202 இலக்குகள், 203 அமைப்புப் பட்டியல், 204 குழுவாரிப் பணி ஒதுக்கீடு, 205 சேனல், 206 மருத்துவத் திட்டம், பாதுகாப்புச் செய்திக்கு 208, வரைபடம், வானிலை. கடைநிலைக் குழுத் தலைவருக்கு உண்மையில் வேண்டியது 204தான். என்ன வேலை, எங்கே, யாரோடு, எந்தச் சேனலில், என்ன எச்சரிக்கை. அது ஒரே பக்கம், அதைக் கையில் கொடுக்காமல் யாரையும் அனுப்பாதீர்கள்.

இலக்கு எழுதும்போது ‘மக்களைக் காப்பாற்றுதல்’ என்று எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். ‘22:00 மணிக்குள் தென்கரையின் மூன்று தெருக்களிலும் எல்லா வீடுகளிலும் முதல் சுற்றுத் தேடலை முடிப்பது’ என்றால் முடிந்ததா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

8. பாதுகாப்பு

பாதுகாப்பு அதிகாரிக்கு எந்த வேலையையும் அந்த இடத்திலேயே நிறுத்த அதிகாரம் உண்டு, எந்தத் துறையின் வேலையாக இருந்தாலும். இதை முதல் விளக்கக் கூட்டத்திலேயே எல்லாத் தலைவர்கள் முன்னாலும் கமாண்டர் வாயால் சொல்ல வைக்க வேண்டும். பிறகு சொன்னால் தகராறு.

வெளியேற்ற சமிக்ஞை எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இடிபாட்டு மீட்பில் சர்வதேசக் குழுக்கள் பின்பற்றும் இன்சாராக் முறை இது: ஒவ்வொன்றும் ஒரு விநாடியாக மூன்று குறும் ஒலி, திரும்பத் திரும்ப, என்றால் உடனே வெளியேறு. மூன்று விநாடி நீளும் ஒரே ஒலி என்றால் வேலையை நிறுத்து, அமைதி. ஒரு நீளம், ஒரு குறில் என்றால் மறுபடி தொடங்கு. ஒரு குழு விசிலையும் இன்னொரு குழு வண்டி ஹார்னையும் வேறு வேறு அர்த்தத்தில் பயன்படுத்தும் களத்தில், அமைதி கேட்ட ஒலிக்கு ஆட்கள் ஓடுவார்கள், ஓட வேண்டிய ஒலிக்கு நின்று காது கொடுப்பார்கள்.

வெளியேறியதும் தலை எண்ண வேண்டும். எண்ணிக்கை 211 பதிவோடு ஒத்துப்போனால்தான் முடிந்தது. இரண்டு மணி நேர வேலைக்கு ஒரு மணி நேர ஓய்வு என்பது காட்டுத்தீக் குழுக்களின் கணக்கு, மற்றக் களங்களுக்கும் பொருந்தும். அதாவது 24 மணி நேரத்தில் வேலை 16ஐத் தாண்டக் கூடாது, பயண நேரத்தையும் வேலையில்தான் சேர்க்க வேண்டும். இரவு முழுக்க ஓட்டி வந்தவரைக் காலையில் நேரே இடிபாட்டில் இறக்காதீர்கள்.

9. வெளியே போகும் தகவல்

ஊடகத்துக்குப் பேச ஒரே குரல். பல துறையின் தகவல் அதிகாரிகள் சேர்ந்து உட்காரலாம், ஆனால் எண்ணிக்கை ஒரே தாளிலிருந்து வர வேண்டும். இறந்தோர் எண்ணிக்கையை மருத்துவமனை ஒன்றும் காவல் துறை ஒன்றும் சொன்னால், அன்று முழுக்க விளக்கம் கொடுப்பதே வேலையாகிவிடும். 209 படிவ நிலவர அறிக்கை எந்த நேரத்துத் தகவல் என்பதைத் தலைப்பிலேயே போடுங்கள்.

10. பணம்: பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாதது

செலவு திரும்பக் கிடைக்காமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் மறுப்பு இல்லை, ஆதாரம் இல்லாமைதான். மூன்று தாள் இருந்தால் வழக்கு உங்கள் பக்கம்.

கோரிக்கை எண்ணோடு கூடிய உதவிக் கோரிக்கை. போனில் கேட்டிருந்தால் யார், எப்போது, என்ன கேட்டார் என்று 213 செய்திப் படிவத்தில் எழுதி, கேட்டவரிடம் அன்றே கையெழுத்து வாங்குங்கள்.

214 செயற்பதிவு. ஒவ்வொரு குழுத் தலைவரும் பணிக்காலத்துக்கு ஒன்று. ‘பணி செய்தோம்’ என்று ஒரு வரி எழுதிக் கொடுப்பார்கள், ஏற்காதீர்கள். ‘19:10 பள்ளிக்கூடப் படித்துறையிலிருந்து கிளம்பினோம். 19:40 எட்டுப் பேரை ஏற்றினோம். 20:05 இடது எஞ்சின் கட்டையில் மோதி நின்றது, துடுப்பில் திரும்பினோம். 20:50 எஞ்சின் சேவையில் இல்லை என்று ஸ்டேஜிங்கில் சொன்னோம்’ என்று இருந்தால் அது ஊதியத்துக்கும் ஆதாரம், எஞ்சின் பழுதுச் செலவுக்கும் ஆதாரம்.

ஆள் நேரம், கருவி நேரம் இரண்டும் தனித்தனி. பம்பு ஓடிய நேரமும் தயாராக நின்ற நேரமும் வேறு விகிதமாக இருக்கலாம், ஒப்பந்தத்தைப் பாருங்கள். ஓடிய நேரத்துக்குக் கருவியின் மணி மீட்டரைத் தொடக்கத்திலும் முடிவிலும் போட்டோ எடுத்து வைப்பது நல்லது. கருவி வந்தபோதே அதன் நிலையையும் நான்கு பக்கமும் படம் எடுங்கள். பழைய கீறல் எது, புதுக் கீறல் எது என்ற வாதம் அதோடு தீரும்.

தினமும் பணிக்காலம் முடியும்போது கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஐந்தாம் நாள் மொத்தமாக வாங்கலாம் என்றால், முதல் நாள் மேற்பார்வையாளர் வேறொரு சம்பவத்துக்குப் போயிருப்பார்.

11. கிளம்புதல்

வேலை குறையத் தொடங்கியதும் ஒவ்வொரு குழுவும் தன்னிஷ்டத்துக்குக் கிளம்பும். அப்போதுதான் யார் போனார், யார் இன்னும் உள்ளே என்ற கணக்கு உடையும். 221 படிவத்தில் வரிசையாகக் கையெழுத்து வாங்க வேண்டும்: வாங்கிய வாக்கி டாக்கி, சார்ஜர் திருப்பிக் கொடுத்தாயிற்றா, கருவி எண்ணியாயிற்றா, நேரத் தாள் சரிபார்த்தாயிற்றா, ஓட்டுநர் ஓய்வெடுத்தாரா, வீடு சேர்ந்ததும் எந்த எண்ணுக்குச் சொல்ல வேண்டும். ஊர் போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை டி-கார்டைப் பலகையிலிருந்து எடுக்காதீர்கள். களைப்போடு ஓட்டும் திரும்பும் பயணம் களத்தைவிடக் குறைந்த ஆபத்து என்று நினைக்க வேண்டாம்.

கலைவதற்கு முன் எல்லாத் தரப்புக் குழுத் தலைவர்களையும் அரை மணி நேரம் உட்கார வையுங்கள். மூன்று கேள்வி: என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது, எதை மாற்ற வேண்டும். மாற்ற வேண்டியது ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பதவியும் ஒரு தேதியும் எழுதுங்கள். தேதி இல்லாத தீர்மானம் அடுத்த சம்பவத்திலும் அப்படியே எழுதப்படும்.

201 முதல் 221 வரை மூலப்பிரதி எல்லாம் ஆவணப் பிரிவுக்குப் போகும். உங்கள் குழுவின் 211, 214, கருவி நேரத் தாள், கோரிக்கைப் படிவம் ஆகியவற்றின் நகலை வண்டி கிளம்பும் முன்பே பையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். களம் கலைந்த பிறகு அந்தப் பெட்டிகளைத் தேடிக் கண்டுபிடிக்க மாதங்கள் ஆகும்.